பிறர் கையில் சிசு

கைக்குழந்தையைப் பெற்றவளல்லாத இன்னொருத்தியின் பொறுப்பில் விடுவது தமிழர்க்குப் புதிய வழக்கம் அன்று. சங்க அகப்பாடல்களில் நற்றாய்க்கு நிகராகச் செவிலித்தாயும் பேசுகிறாள். வளர்த்த உரிமையோடு மகளின் பிரிவுக்காக அவள் வருந்துவதைப் பழம்புலவர்கள் வெகு இயல்பாகப் பாடியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் செவிலி ஒரு குழந்தைக்கு ஒருத்தி. அவள் அந்த வீட்டிலேயே இருந்தவள். குழந்தை வளர்ந்து மணந்து போகும் நாள் வரையில் அதைவிட்டு நீங்காதவள். நம் காலத்தில் தோன்றியிருப்பதோ முற்றிலும் வேறான ஓர் ஏற்பாடு. ஆறு மாதமும் எட்டு மாதமும் ஆன பத்துக் குழந்தைகளை, ஒருவரையொருவர் அறியாத பத்துக் குடும்பங்களிலிருந்து கொண்டுவந்து, ஓர் அறையில் சேர்த்து, மாதச் சம்பளத்துக்கு அமர்ந்த ஒன்றிரண்டு பெண்களின் கையில் காலை முதல் மாலை வரை ஒப்படைத்துவிட்டுப் போகும் இந்த ஏற்பாடு, ஆலைத் தொழிலும் அலுவலகமும் பெண்ணை வீட்டைவிட்டு வெளியே அழைத்த நாள் முதல் உலகெங்கும் பரவி, இன்று தவிர்க்க முடியாத சமூக ஸ்தாபனமாக நிலைத்துவிட்டது.

இந்த ஸ்தாபனத்தைக் குறித்துப் பெற்றோர் கேட்கும் கேள்வி, குழந்தைக்கு அங்கே அபாயம் ஏதும் நேராதா என்பது. கல்வியாளரும் உளவியலாரும் கேட்கும் கேள்வி, அங்கே அதன் அறிவும் உணர்வும் செம்மையாக வளருமா என்பது. சட்டங்களும் விதிகளும் இவ்விரண்டையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்துப் பேசுகின்றன. கட்டடத்தின் உறுதி, தீயணைப்புக் கருவி, கழிப்பிடம் ஆகியவை ஓரிடத்திலும், விளையாட்டுப் பொருள், கதை, பாட்டு ஆகியவை வேறோரிடத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆனால் இந்தத் துறையில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாகச் சேர்ந்துள்ள அனுபவத்தை நிதானமாகப் பார்த்தால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொறுத்தமட்டில் பாதுகாப்பும் வளர்ச்சியும் ஒரே கையில், ஒரே செயலில், ஒரே நிமிஷத்தில் அடங்கியிருப்பதைக் காணலாம். அந்தக் கை யாருடையது, எத்தனை குழந்தைகளுக்கு அது பங்கிடப்படுகிறது, எத்தனை மாதம் அது அங்கே நிலைத்திருக்கிறது என்பவையே இந்த விஷயத்தில் முதன்மையான வினாக்கள் என்பது என் அபிப்பிராயம்.

சுத்தமும் உணவும் மருத்துவமும் குறைவின்றி இருந்தும் குழந்தை வாடிப்போகக்கூடும் என்பதை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ரெனே ஸ்பிட்ஸ் முக்கியமானவர். 1945-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் இரண்டு இடங்களை ஒப்பிட்டார்: ஒன்று, சிறைப்பட்ட பெண்கள் தங்கள் சிசுக்களைத் தாமே பேணிய சிறைச்சாலைக் குழந்தையகம், மற்றொன்று, ஆதரவற்ற சிசுக்களுக்கான விடுதி. விடுதியில் தூய்மைக்குக் குறைவில்லை. ஆனால் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு ஒரு தாதியே இருந்தாள். தொட்டில்களைச் சுற்றித் துணி தொங்கியதால் குழந்தைகளின் கண்ணுக்குப் புலப்பட்டதெல்லாம் மேற்கூரை மட்டுமே. அங்கிருந்த 91 குழந்தைகளில் 34 குழந்தைகள் இரண்டாண்டுகளுக்குள் இறந்தன. சிறைச்சாலைக் குழந்தைகளோ நடந்தன, பேசின, பிழைத்தன. ஸ்பிட்ஸின் ஆய்வு முறையில் குறைகள் உண்டென்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள், அது நியாயமே. ஆயினும் அவர் கண்ட உண்மையின் மையம் நிலைத்து நின்றது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 136 விடுதிக் குழந்தைகளைக் கொண்டு அமெரிக்க அறிஞர்கள் நடத்திய நீண்ட ஆய்வும் அதையே உறுதிப்படுத்தியது: விடுதியிலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்ட குழந்தைகள் பல வகையிலும் தேறினார்கள், இரண்டு வயதுக்கு முன் மாற்றப்பட்டவர்கள் மிகுதியாகத் தேறினார்கள்.

போர்க்காலத்து லண்டனில் அன்னா பிராய்டும் டாரதி பர்லிங்ஹாமும் நடத்திய ஹாம்ப்ஸ்டெட் குழந்தையகங்களில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. எல்லாத் தாதியரும் எல்லாக் குழந்தைகளையும் பொதுவில் கவனிப்பதை நிறுத்தி, குழந்தைகளைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணை வளர்ப்புத் தாயாக நியமித்தார்கள். உடனே அழுகையும் பொறாமையும் ஆத்திரமும் கிளம்பின. அதுவரையில் அமைதியாக இருந்த இடம் அல்லோலகல்லோலப்பட்டது. ஆனால் அதே வாரங்களில் பேச்சும் பழக்கவழக்கமும் வியக்கத்தக்க வேகத்தில் முன்னேறின. குழந்தைகள் அமைதியாக இருக்கும் காப்பகமே நல்ல காப்பகம் என்று எண்ணும் நிர்வாகிகளுக்கு இந்த அனுபவத்தை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. யாரையும் எதிர்பார்க்காத குழந்தைதான் அழாமல் கிடக்கும்.

இந்த வரலாற்றில் நான் நெடுநேரம் தங்கிப் பேச விரும்பும் இடம், ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் லோட்ஸி என்ற தெருவில் இருந்த ஒரு சிசு இல்லம். அதை 1946-இல் நிறுவியவர் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர். 1902-இல் வியன்னாவில் பிறந்து அங்கேயே மருத்துவம் பயின்ற இவர், பிர்க்கே என்ற புகழ்பெற்ற குழந்தை மருத்துவரிடமும் சால்ட்ஸர் என்ற அறுவை மருத்துவரிடமும் பயிற்சி பெற்றார். குழந்தையை அழவிடாமல் பரிசோதிக்க வேண்டும் என்பது சால்ட்ஸரின் கண்டிப்பான விதி. தெருவில் ஓடியாடும் ஏழைக் குழந்தைகளைவிடப் பணிப்பெண்ணின் கையைப் பிடித்தே நடந்த வசதியான வீட்டுக் குழந்தைகளே எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு அதிகம் வருகிறார்கள் என்பதையும் பிக்லர் அங்கேதான் கவனித்தார். பின்னர் புடாபெஸ்டில் குடும்ப மருத்துவராகப் பல வீடுகளின் சிசுக்களைத் தொடர்ந்து பார்த்துவந்த அவர், தம் சித்தாந்தத்தைப் பெற்றோர்க்கு எடுத்துச்சொல்லி 1940-இல் ஒரு நூலும் எழுதினார்.

போர் முடிந்தபின் பெற்றோரை இழந்த, அல்லது பெற்றோரால் வளர்க்க இயலாத குழந்தைகளுக்காக இல்லத்தைத் தொடங்கியபோது, முறைப்படி பயின்ற தாதியரே முதலில் அங்கு பணிக்கு வந்தனர். அவர்கள் கைதேர்ந்தவர்கள், நிமிஷத்தில் துணி மாற்றி நிமிஷத்தில் பாலூட்டி அடுத்த குழந்தைக்குப் போய்விடுவார்கள். அந்த வேகம்தான் பிக்லருக்குப் பொறுக்கவில்லை. சில மாதங்களில் அவர்களை விடுத்து, குழந்தைகளிடம் உண்மையான ஆசையுடைய இளம்பெண்களைத் தேர்ந்து, அடியோடு புதிதாகப் பயிற்சி அளித்தார். துணி மாற்றுவதும் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் விரைவில் முடித்துத் தொலைக்க வேண்டிய வேலைகள் அல்ல, குழந்தைக்கு அன்றைய தினம் கிடைக்கும் பிரதானமான சம்பாஷணை அவையே என்பது அந்தப் பயிற்சியின் சாரம்.

அங்கு ஒரு குழந்தையை எடுத்துத் துணி மாற்றும் முறையைச் சற்று விவரிப்பது பொருந்தும். பணிப்பெண் முதலில் குழந்தையின் கண்ணில் படும்படி நிற்பாள். எடுக்கப் போகிறேன் என்று சொல்லிக் கையை நீட்டுவாள். குழந்தை அந்தக் கையைக் கண்டு உடலைத் தளர்த்தும் வரையில் காத்திருப்பாள். சட்டைக் கையை மாட்டும்போது குழந்தையின் கரத்தைப் பிடித்து இழுப்பதில்லை. கையைக் கொடு என்று சொல்லிப் பொறுப்பாள். இரண்டு மூன்று மாதச் சிசுவுக்கு இது விளங்குமா என்று கேட்கலாம். நாள்தோறும் அதே சொல், அதே தொடுகை, அதே வரிசை என்று தொடர்ந்தபோது, சில மாதங்களில் குழந்தைகள் தாமாகவே கையை நீட்டின. உணவு ஊட்டுவதும் இப்படியே: ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே மடியில் வைத்து ஊட்டினார்கள், வரிசையை நாளுக்கு நாள் மாற்றுவதில்லை, ஆகவே தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பதைக் குழந்தை அறிந்திருந்தது, தன் முறை நிச்சயமாக வரும் என்ற நம்பிக்கையால் காத்திருக்கவும் கற்றது. எட்டு ஒன்பது குழந்தைகள் கொண்ட குழுவில் முழுக் கவனம் ஒரு நேரத்தில் ஒருவருக்கே கிட்டும் என்பது கணக்கினால் மாற்ற முடியாத உண்மை. அந்த உண்மையை மறைக்க முயலாமல் ஒழுங்குபடுத்தியதே லோட்ஸியின் மேதைமை என்று நான் கருதுகிறேன்.

இதற்கு இணையான இன்னொரு விதி, குழந்தை தானாக அடைய முடியாத நிலையில் அதை வைக்கலாகாது என்பது. உட்கார இயலாத குழந்தையைத் தலையணை அணைத்து உட்கார வைப்பதும், நிற்க இயலாததைக் கைபிடித்து நிறுத்துவதும் அங்கே விலக்கப்பட்டிருந்தன. மல்லாந்து படுத்த குழந்தை தன் முயற்சியால் புரளும். புரண்டது ஊரும், தவழும், பிறகு எழுந்து உட்காரும், பிடித்து நிற்கும், நடக்கும். 700-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் அசைவு வளர்ச்சியை நாள்வாரியாகக் குறித்து பிக்லர் வெளியிட்ட ஆய்வு, யாரும் கற்றுக்கொடுக்காமலே இந்தப் படிகள் அனைத்தையும் குழந்தைகள் கடப்பதைக் காட்டியது. தானாக ஏறிய இடத்திலிருந்து தானாக இறங்கவும் அறிந்த குழந்தைக்கு விழும் கலையும் தெரிந்திருக்கிறது. தூக்கி வைக்கப்பட்ட குழந்தைக்கு அது தெரிவதில்லை. சக்கரங்கள் பூட்டிய இருக்கையில் குழந்தையைத் தொங்கவிட்டு ஓடவிடும் நடைக்கருவி படிக்கட்டுகளிலிருந்து சிசுக்களை உருட்டித் தள்ளியது போதுமென்று கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. நம் ஊர்த் தச்சர்கள் செய்த மூன்று சக்கர நடைவண்டி இந்தக் குற்றத்துக்கு ஆளாகாது. ஏற்கெனவே எழுந்து நிற்கும் குழந்தைதான் அதைப் பின்னிருந்து தள்ளும். நிற்காத குழந்தைக்கு அதனால் பயனுமில்லை, கேடுமில்லை.

பிக்லர் 1984-இல் மறைந்தார். அவர் நிறுவிய விடுதி 2011-இல் விடுதியாக நடப்பது நின்றது. ஆனால் அவருடைய முறை, பெற்றோர் உள்ள குழந்தைகளுக்கான பகல் காப்பகங்களுக்குள் புகுந்து, ஐரோப்பாவெங்கும் வேரூன்றியிருக்கிறது.

இனி உறக்கத்தைக் குறித்துப் பேச வேண்டும். ஏனெனில் சிசுக்களுக்குக் காப்பகத்தில் நேரும் மரணங்களில் மிகவும் கொடியது, எவ்வித ஓசையுமின்றி உறக்கத்திலேயே நேருவது. ஒரு வயதுக்குட்பட்ட, அதிலும் இரண்டு முதல் நான்கு மாதம் வரையிலான, ஆரோக்கியமான குழந்தை தூங்கியபடியே இறந்துபோவதை மருத்துவர்கள் நெடுங்காலம் விளங்காத விதியென்றே கருதினர். குப்புறப் படுத்துறங்கும் குழந்தைகளிடையே இது மிகுதி என்பதற்கான சான்றுகள் 1970 வாக்கிலேயே கிடைத்திருந்தன. எனினும் குழந்தை வளர்ப்பு நூல்கள் குப்புறக் கிடத்துமாறே போதித்துவந்தன. நல்ல நோக்கத்தோடு சொல்லப்பட்ட அந்த ஒரு போதனை மேலைநாடுகளில் பல்லாயிரம் சிசுக்களின் உயிரைக் கொண்டுபோயிற்று. பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும் குழந்தையை மல்லாக்கக் கிடத்துங்கள் என்ற பிரசாரம் தொடங்கிற்று. புதிய மருந்தோ கருவியோ இன்றி, பெரும்பாலும் கிடத்தும் விதத்தை மாற்றியதனாலேயே, அமெரிக்காவில் இம்மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. பிரிட்டனில் காலப்போக்கில் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன.

இதற்கு அடுத்த அத்தியாயம் காப்பகங்களுக்கு நேரடியாக உரியது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சிலர், இந்த மரணங்கள் எங்கே நேர்கின்றன என்று ஆராய்ந்தபோது, ஐந்தில் ஒரு பங்கு வீட்டில் அல்லாமல், குழந்தை பிறர் பராமரிப்பில் இருக்கும் வேளையில் நேர்ந்ததைக் கண்டு திடுக்கிட்டார்கள். குழந்தைகள் அங்கே கழித்த நேரத்தோடு ஒப்பிட்டால் இந்த விகிதம் மிகவும் அதிகம். இன்னும் கூர்ந்து பார்த்தபோது, பராமரிப்பிடங்களில் நேர்ந்த மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று குழந்தை அங்கு சேர்ந்த முதல் வாரத்திலும், அவற்றில் பாதி முதல் நாளிலுமே நேர்ந்திருந்தன. வீட்டில் மல்லாந்தே உறங்கிப் பழகிய குழந்தையை, அந்தப் பழக்கம் அறியாத பணிப்பெண், நன்றாகத் தூங்கட்டும் என்ற பரிவினாலேயே குப்புறக் கிடத்தியிருந்த நிகழ்ச்சிகள் பல. குப்புறப் படுத்தறியாத சிசுவுக்கு, மெத்தையில் முகம் புதையும்போது தலையைத் தூக்கித் திருப்பிக்கொள்ளும் பழக்கமும் இராது. ஆகையால் வழக்கமாகக் குப்புறத் தூங்கும் குழந்தையைவிட அதற்கே ஆபத்து அதிகம். தாய்க்குத் தெரிந்த ஒரு சிறு செய்தி அந்தப் பணிப்பெண்ணுக்குத் தெரியாமற்போனதில் உயிர் போயிற்று. இதைப் பாதுகாப்பு விதியின் மீறல் என்று எழுதிவிடலாம். உறவின் குறை என்று எழுதினாலும் பிழையாகாது.

நம் காப்பகங்களில் கட்டப்படும் சேலைத் தூளியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தூளி குழந்தையை மல்லாக்கவே கிடத்துகிறது, அது நன்மைதான். ஆனால் அதன் வளைவில் இளஞ்சிசுவின் முகவாய் மார்பில் மடியக்கூடும். துணி இருபுறமும் மூடிக்கொள்வதால் குழந்தையின் முகமும் மறைந்துவிடுகிறது. வீட்டில், பாடிக்கொண்டு அருகிலேயே அமர்ந்திருக்கும் பாட்டியின் கை ஆட்டும் தூளி வேறு. ஆறு தூளிகளுக்கு ஓர் ஆயா இருக்கும் அறையில் தொங்கும் தூளி வேறு. காப்பகத்தில் சமதளமான, கெட்டியான விரிப்பும், தலையணையோ தளர்ந்த போர்வையோ இல்லாத படுக்கையும், எந்நேரமும் முகம் தெரியும் வெளிச்சமுமே தகும்.

ஏனைய அபாயங்களை விரைவில் சொல்லிவிடலாம். நிலக்கடலை, கொண்டைக்கடலை, முழுத் திராட்சை, பொத்தான் வடிவ மின்கலம் ஆகியவை மூன்று வயதுக்குட்பட்டோர் தவழும் இடத்தில் தரையில் கிடக்கலாகாது. நாலு விரற்கடை தண்ணீரே சிசு மூழ்கப் போதுமாதலால் குளியலறையில் நிறைந்த வாளி நிற்கலாகாது. ஒரு வயது முடியும் வரையில் தேன் நாவில் தடவலாகாது. தாய் கறந்துவைத்துச் செல்லும் பால் மிதமான அறை வெப்பத்தில் நாலு மணி நேரமே தாங்கும். சென்னையின் சித்திரை வெயிலில் அதுவும் தாங்காது. ஆகையால் குளிர்ப்பெட்டி ஆடம்பரம் அன்று. ஒரு குழந்தையின் துணியை மாற்றிவிட்டு அடுத்ததைத் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவினால் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறையும். இவையெல்லாம் எங்கும் எழுதப்பட்டுள்ளவை. ஆனால் எட்டுக் குழந்தைகளுக்கு ஒருத்தி என்ற இடத்தில், எட்டு முறை கை கழுவும் நேரத்தில் மற்ற எழுவரை யார் பார்ப்பது என்பதை அந்த விதிகள் சொல்வதில்லை. ஓயாமல் அழும் சிசுவைக் களைத்துப்போன கைகள் பிடித்துக் குலுக்கிவிடும்போது மூளையில் இரத்தம் கசிந்து நேரும் கேடும் இதே வகையைச் சேர்ந்தது. கொடுமைக்காரிகள் மட்டுமல்ல, மாற்றுவதற்கு ஆளில்லாமல் பொறுமையின் எல்லையைக் கடந்தவர்களும் அதைச் செய்துவிடுகிறார்கள்.

மெக்ஸிகோ நாட்டில் எர்மோஸிய்யோ என்ற நகரத்தில் 2009-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி நிகழ்ந்ததை இத்துறையில் சிந்திக்கும் எவரும் மறக்கலாகாது. கிடங்குக் கட்டடம் ஒன்றை மாற்றி அமைத்திருந்த பகல் காப்பகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மதிய உறக்கத்தில் இருந்த நேரம், ஒட்டியிருந்த அரசாங்கக் கிடங்கில் மூண்ட தீ கூரை வழியே பரவிற்று. தக்க அவசர வழிகள் இல்லை. வெளியே இருந்த ஒருவர் தம் வண்டியைக் கொண்டு சுவரை இடித்துத் துளை செய்த பின்பே பல குழந்தைகளை வெளியே எடுக்க முடிந்தது. 49 குழந்தைகள் மாண்டார்கள். அந்தப் பெற்றோர் விடாது போராடியதன் பலனாக 2011-இல் அந்நாடு முழுமைக்கும் குழந்தைக் காப்பகச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கும்பகோணத்தில் 2004-இல் 94 பள்ளிக் குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த தமிழ்நாட்டுக்கு இந்தத் துயரத்தின் எடை தெரியும். ஆயினும் பள்ளிப் பிள்ளைக்கும் சிசுவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு: வழி திறந்திருந்தால் பள்ளிப் பிள்ளை ஓடும், சிசு ஓடாது. ஒருத்தி இரு கைகளிலும் இரண்டு சிசுக்களையே தூக்க முடியும். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் இருக்க வேண்டும் என்று விதித்திருப்பதன் பொருளை இந்தக் கணக்கிலிருந்தே உணரலாம். இந்தியாவில் மத்திய அரசு 2018-இல் வகுத்த குறைந்தபட்ச வழிகாட்டு நெறிகள் மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளரும் ஓர் உதவியாளரும் போதும் என்றன. மூன்று வயதை நெருங்கும் பிள்ளைகளும் கைக்குழந்தைகளும் இந்தக் கணக்கில் ஒன்றாக எண்ணப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

காப்பகத்தில் வளர்வதே தீங்கா என்ற பழைய வாதத்துக்கு ஓரளவு நிச்சயமான விடை கிடைத்துவிட்டது. ஜான் பௌல்பி 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையைத் துணைக்கொண்டு, தாய் வேலைக்குப் போவதே குழந்தைக்கு இழைக்கும் அநீதி என்று பலர் பேசிவந்தார்கள். அமெரிக்காவில் 1991-இல் தொடங்கி 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பு முதல் தொடர்ந்த பேராய்வு, பிறர் பராமரிப்பில் இருப்பதனால் மட்டும் தாய்-சேய்ப் பிணைப்பு குலைவதில்லை என்று காட்டியது. பராமரிப்பின் தரத்துக்கேற்ப மொழியும் அறிவும் வளர்வதையும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடும்பத்தின் தன்மையே நிற்பதையும் அது கண்டது. வட கரோலினாவில் 1972-இல் தொடங்கிய அபெசிடேரியன் திட்டம் இன்னும் ஒரு படி போயிற்று. வறிய குடும்பங்களில் பிறந்த 111 சிசுக்களைக் கொண்ட அந்த ஆய்வில், பிறந்த சில மாதங்களிலிருந்து ஐந்து வயது வரையில் உயர்தரப் பகல் பராமரிப்புப் பெற்றவர்கள், பெறாதவர்களைக் காட்டிலும் கல்வியிலும் பின்னாளைய உடல்நலத்திலும் மேம்பட்டு விளங்கினார்கள். அங்கு சிசுக்களுக்குக் கற்பித்தது பெரும்பாலும், பேச்சுக்குப் பேச்சு, சிரிப்புக்குச் சிரிப்பு என்று அன்றாடக் காரியங்களின் ஊடே நடந்த பரிமாற்றமே.

இந்திய நாட்டின் கதையைத் தொழிற்சாலையிலிருந்து தொடங்க வேண்டும். குழந்தைக்கு அபின் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு ஆலைக்குப் போகும் வழக்கம் பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்களிடையே பரவியிருந்ததைச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அதிகாரிகள் பதிவுசெய்தார்கள். 1934-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளுக்கு அறை ஒதுக்கச் செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது. விடுதலைக்குப் பின் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலைசெய்யும் ஆலைகளில் காப்பகத்தைக் கட்டாயமாக்கிற்று. 1976-இல் அந்த எண்ணிக்கை 30-ஆகக் குறைந்தது. தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு 1951-இல் தனிச் சட்டம் வந்தது. நீலகிரியிலும் வால்பாறையிலும் கொழுந்து பறிக்கப் போகும் தாய் முதுகில் கூடையைக் கட்டுமுன் பிள்ளையை ஆயாவிடம் விட்டுப்போகும் முறை இன்றும் உண்டு. இலங்கை மலையகத்தில் பிள்ளை மடுவம் என்று வழங்கிய தோட்டக் கொட்டில்களில் நம்மவரின் பல தலைமுறைகள் வளர்ந்திருக்கின்றன. வயது சென்ற, கொழுந்து பறிக்க இயலாத பெண்ணே பெரும்பாலும் அங்கு ஆயாவாக அமர்த்தப்பட்டாள். பிற்காலத்தில் அவற்றிற் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக உயர்த்தப்பட்டு, பயிற்சி பெற்றவர்கள் பொறுப்பேற்றனர்.

சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத இடங்களில் பிள்ளைகளைத் தேடிச் சென்றவர் மீரா மகாதேவன். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், டில்லியில் ராஜ்காட்டை அடுத்து நடந்த கட்டுமான வேலையில், மண் சுமக்கும் பெண்களின் சிசுக்கள் புழுதியில் கிடந்ததைக் கண்டு, ஒரு கூடாரத்தில் அவர் தொடங்கிய பணியே ‘மொபைல் கிரெஷஸ்’ என்ற பெயரில் வளர்ந்தது. கட்டடம் முடிந்தால் தொழிலாளர் அடுத்த இடத்துக்குப் பெயர்வர். காப்பகமும் அவர்களோடு பெயர்ந்தது. அரசின் கொள்கை வகுப்பில் இதற்கு இணையான தொண்டு செய்தவர் சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்த மீனா சுவாமிநாதன். பள்ளிப்பருவத்துக்கு முந்திய குழந்தைகளைப் பற்றி அவருடைய தலைமையில் 1972-இல் உருவான அறிக்கை, 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு வழிகோலியவற்றுள் ஒன்று. அத்திட்டத்தின் அங்கன்வாடி இன்று ஊர்தோறும் இருக்கிறது. ஆனால் அது மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கே சில மணி நேரம் இருப்பிடமாகிறது. கைக்குழந்தைக்கு அங்கே எடையும் தடுப்பூசியும் சத்துமாவும் கிடைக்கின்றனவே ஒழிய, பகல் முழுவதும் படுத்துறங்க இடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேற்பட்டவரோ வேலைசெய்யும் இடத்துக்குக் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கு சென்று வரலாம் என்றும் விதித்தது. நான்கு முறை என்ற அந்த விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். பால் கொடுப்பதற்கும், பணிப்பெண்ணோடு நாலு வார்த்தை பேசுவதற்கும் அது இடமளிக்கிறது. ஆனால் விடுப்பு முடியும் ஆறாவது மாதத்திலிருந்து அங்கன்வாடி ஏற்கும் மூன்றாவது வயது வரையிலான இரண்டரை ஆண்டுகளுக்கு, வயலிலும் சந்தையிலும் பிறர் வீட்டு அடுக்களையிலும் உழைக்கும் பெண்ணுக்கு இச்சட்டம் எதுவும் தரவில்லை. அவளுக்கென்று இருந்த தேசியக் காப்பகத் திட்டத்தில் பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாயும் உதவியாளருக்கு 1,500 ரூபாயும், அதுவும் ஊதியம் என்ற பெயரில் அன்றி மதிப்பூதியமாக, வழங்கப்பட்டன. 2022 முதல் ‘பால்னா’ என்ற பெயரில் அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்கும் முயற்சி நடைபெறுகிறது. அது பரவ வேண்டும்.

லோட்ஸியில் கண்ட முறை அனைத்தும் ஒரு நிபந்தனையின்மேல் நின்றது: குழந்தை அறிந்த கை மாறாமல் இருக்க வேண்டும். சொற்பத் தொகைக்கு வேலைசெய்கிறவள், கூடுதலாகக் கிடைக்கும் வேறு வேலைக்கு ஆறு மாதத்தில் போய்விடுவாள். அவளைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவள் போகும்போது, எந்தக் குழந்தை எப்படிப் படுத்தால் உறங்கும், எதற்கு விக்கும், எந்த அழுகை பசிக்கு, எந்த அழுகை வயிற்று வலிக்கு என்ற அறிவும் அவளோடு போய்விடுகிறது. நகரத்துக் காப்பகங்கள் பல இன்று சுவரில் கண்காணிப்புப் படக்கருவி பொருத்தி, தாய் தன் அலுவலகத்திலிருந்தே குழந்தையைக் கண்டுகொள்ள வசதி செய்திருப்பதாக விளம்பரம் செய்கின்றன. அந்தச் செலவைப் பணிப்பெண்ணின் சம்பளத்தில் சேர்த்திருந்தால் குழந்தைக்கு அதிகப் பிரயோசனம் விளைந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டியதில்லை. அபாயம் மிகுந்தது முதல் வாரம் என்று ஆய்வுகள் காட்டியிருக்க, நம் வழக்கமோ, விடுப்பு முடிந்த மறுநாள் காலையில் குழந்தையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அழுகுரல் காதில் விழும்போதே திரும்பி நடப்பதாக இருக்கிறது. ஜெர்மனியிலும் வேறு சில நாடுகளிலும் தாயோ தந்தையோ முதல் சில நாட்கள் குழந்தையோடு காப்பகத்திலேயே அமர்ந்திருந்து, பணிப்பெண் துணி மாற்றுவதையும் ஊட்டுவதையும் குழந்தையின் அருகிலிருந்து பார்த்து, பின்னர் அரைமணி, ஒரு மணி என்று விலகிப் பழக்கும் முறை வேரூன்றியுள்ளது. மகப்பேறு விடுப்பின் 26 வாரம் முடிந்ததும் இரண்டு வாரங்களுக்கு அரைநாள் வேலையும் முழுநாள் ஊதியமும் என்று சட்டத்தில் ஒரு விதி சேர்த்தால் போதும். தோட்டத்திலும் ஆலையிலும் அதே இரண்டு வாரங்களுக்கு நாட்கூலி குறையாமல் தாய் பிள்ளையோடு ஆயாவின் அருகில் இருக்கலாம். குழந்தை எப்படி உறங்கும் என்பதை ஆயாவுக்கு வாயால் சொல்லாமல், கிடத்தியே காட்டிவிட்டுப் போகலாம்.